மாலை போட்ட 48 நாளும் மின்சிகரெட்டும்

திருத்தணிக்குத் தணிகை என்று இன்னொரு பேர். சூரனை வென்ற முருகனின் சினம் இங்கேதான் தணிந்தது என்பது தலபுராணம். அந்த மலையடிவாரத்திலும், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, டீக்கடைக்குப் போனால் பீடிக்கட்டு கிடைக்கும், ஒற்றை சிகரெட்டும் கிடைக்கும். ஆனால் புகையிலையே இல்லாத மின்சிகரெட்டைக் கடையில் வைத்து விற்றால் ஜெயில்! இந்த நிலை எப்படி வந்தது, தினமும் தம் அடிக்கிறவருடைய தவிப்பை அந்தக் கருவி உண்மையிலேயே தணிக்குமா என்று கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். புகையிலை நம்ம ஊர்ச் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது, போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. நாம் அதற்குப் புகை + இலை என்று பெயர் வைத்தோம். திருத்தணியைத் தாண்டி நகரிப் பக்கம் போனால் தெலுங்கில் ‘பொகாக்கு’. அங்கேயும் பொக என்றால் புகை, ஆக்கு என்றால் இலை. நம்ம ‘சுருட்டு’தான் ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆச்சு. பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்புகிற ‘புகையிலை விடு தூது’ என்று ஒரு சிற்றிலக்கியம்கூட உண்டு. சீனிச்சர்க்கரைப் புலவர் பாடியது, உ.வே.சா. 1939-இல் பதிப்பித்தார்.

பெயரில் புகையும் இலையும் இருக்கிறது, ஆளைப் பிடித்து வைக்கிற சரக்கு இல்லை. அது நிக்கோடின். 1828-இல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் போசெல்ட், ரைமன் என்ற இருவர் அதைத் தனியாகப் பிரித்தார்கள். நம் விவசாயிகள் பூச்சிக்கு அடிக்கிற புகையிலைக் கரைசலில் வேலை செய்வதும் இதே நிக்கோடின்தான்.

தவிப்பு வருவது எப்படி? ஒரு இழுப்பு இழுத்தால் நிக்கோடின் நுரையீரல் வழியாக 10 முதல் 20 விநாடிக்குள் மூளைக்குப் போய்விடும். ஊசி போட்டால்கூட இவ்வளவு வேகம் கிடையாது. ரத்தத்தில் ஏறிய அளவு சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ராத்திரி தூங்கி எழுந்தவருக்குக் காலையில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதனால்தான் பல் விளக்குவதற்கு முன்னாடியே கை தீப்பெட்டியைத் தேடுகிறது.

நிக்கோடின் அடிமையாக்கும். ஆனால் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் எரியும் இலையிலிருந்து வரும் தார். லண்டன் மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் 1976-இலேயே இந்த வித்தியாசத்தைத் தெளிவாக எழுதினார். அப்படியானால் புகையை விட்டுவிட்டு நிக்கோடினை மட்டும் கொடுத்தால் என்ன?

ஸ்வீடனில் அதற்கு முன்பே ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாது, அதனால் வீரர்கள் வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறிக்கொள்கிறார்கள் என்று 1967-இல் ஓவே பெர்னோ என்ற மருந்து ஆய்வாளருக்குத் தகவல் வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் நிக்கோடின் சூயிங்கம். 1978-இல் சுவிட்சர்லாந்தில் மருந்தாக அனுமதி பெற்றது. ஆனால் அது வாய்வழியாக மெதுவாகத்தான் ஏறும். 10 விநாடிக்குப் பழகிய மூளை அரை மணி நேரம் காத்திருக்குமா?

அமெரிக்காவில் ஹெர்பர்ட் கில்பர்ட் 1963-இல் புகையில்லாத சிகரெட் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டார். அதில் நிக்கோடினே கிடையாது, விற்பனைக்கும் வரவில்லை. 2003-இல் சீன மருந்தாளுநர் ஹோன் லிக் இன்றைய மின்சிகரெட்டின் முன்னோடியைச் செய்தார். அவரே பெரிய புகைபிடிப்பாளர். நிக்கோடின் பட்டையை உடம்பில் ஒட்டிப் பார்த்தும் அந்த ‘இழுப்பு’ கிடைக்காமல் தவித்தவர்.

அது தவிப்பைத் தணித்ததா? 2010-இல் நியூசிலாந்தில் 40 தினசரிப் புகைபிடிப்பாளர்களிடம் சோதித்தார்கள். ராத்திரி முழுக்கப் புகைக்காமல் இருந்தவர்களுக்கு அந்தக் கால மின்சிகரெட் கொடுக்கப்பட்டது. ரத்தத்தில் ஏறிய நிக்கோடின், சிகரெட் தருவதில் பத்தில் ஒரு பங்குதான். இருந்தும் தவிப்பு ஓரளவு குறைந்தது. இதில்தான் விஷயம் இருக்கிறது. கையில் பிடிப்பது, உதட்டில் வைப்பது, இழுத்து விடுவது எல்லாமே தவிப்பின் பாதி.

அடுத்து வந்த கருவிகள் நிக்கோடினையும் நன்றாகவே ஏற்றின. 2019-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 886 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு வருடம் கழித்து சிகரெட்டை விட்டிருந்தவர்கள், மின்சிகரெட் எடுத்தவர்களில் 18 சதவீதம், சூயிங்கம், பட்டை போன்றவை எடுத்தவர்களில் 9.9 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் மின்சிகரெட்டால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் அப்போதும் மின்சிகரெட்டை விடவில்லை! சரக்கையும் பழக்கத்தையும் ஒன்றாகத் தருவதால் வேலை செய்கிறது. அதே காரணத்தால் கையை விட்டும் போகமாட்டேன் என்கிறது.

தமிழ்நாடு அரசு 2018 செப்டம்பரில் தடை போட்டது. மாநில ஆணை மாநில எல்லையோடு முடிந்துவிடும். மத்திய அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டத்தை அறிவித்தது, டிசம்பரில் அது சட்டமானது. விற்றால் முதல் முறை ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பள்ளிப் பிள்ளைகளிடம் பரவிவிடும் என்பது அரசு சொன்ன காரணம், அது நியாயமான பயம். ஆனால் 2016-17 தேசியக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் புகைப்பவர்கள் சுமார் 10 கோடி. பீடியும் சிகரெட்டும் அவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.

அப்போ நம்மிடம் என்ன இருக்கிறது? இருப்பதைக் கவனிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஐயப்பனுக்கோ முருகனுக்கோ மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். தினம் ஒரு கட்டு பீடி இழுத்தவர் ஒரு மண்டலம், 48 நாள், தொடாமல் இருக்கிறார். நிக்கோடினை விட்டதால் வரும் எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் முதல் வாரத்தில் உச்சம் போய், 2 முதல் 4 வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதாவது மாலையைக் கழட்டும்போது உடம்பின் தவிப்பு எப்போதோ தணிந்திருக்கும். அப்புறமும் எத்தனையோ பேர் அன்றைக்கே பற்றவைக்கிறார்களே, ஏன்? 48 நாளும் விடியற்காலைக் குளியல், கோயில், ‘சாமி’ என்று கூப்பிடும் கூட்டம் என்று நாளே வேறு மாதிரி இருந்தது. 49-ஆம் நாள் பழைய டீக்கடை, பழைய கூட்டாளி, பழைய பெஞ்சு.

மாலை போட்ட யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் 40-ஆம் நாள் வாக்கில் அவரிடம் பேசுங்கள். “கஷ்டமான பாதி முடிஞ்சுபோச்சு, இனி டீக்கடையை மட்டும் கொஞ்ச நாள் மாத்திக்கோங்க” என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் மருந்துக்கடையில் நிக்கோடின் சூயிங்கம் இருக்கிறது. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும்.