ஏணையும் பாயும்: வந்தவாசிச் சீமையில் சிசு நித்திரையின் சரித்திரம்

வந்தவாசி என்ற பெயரைச் சொன்னவுடன், சரித்திரம் கற்றவர்களுக்கு 1760ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் அங்கே நிகழ்ந்த யுத்தமும், ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் சேனைக்கு முன் லாலியின் பிரெஞ்சுப் படை நிலைகுலைந்ததும், புஸ்ஸி சிறைப்பட்டதும் நினைவில் எழும். இருபது ஆண்டுகளுக்குப் பின் ஹைதர் அலியின் படை சூழ்ந்து நின்றபோது பிளின்ட் என்னும் அதிகாரி அக்கோட்டையை விடாமல் காத்ததையும் சிலர் எடுத்துரைப்பர். சரித்திர ஏடுகளைத் திறவாத சாமானிய ஜனங்களுக்கோ வந்தவாசி என்றால் கோரைப்பாய். நான் எழுதப் புகுந்தது இவ்விரண்டில் பின்னதைச் சார்ந்த விஷயம். பிறந்த சிசுவை உறங்கவைப்பது என்னும், எல்லா வீடுகளிலும் எல்லா இரவுகளிலும் நடந்தும் எந்த ஏட்டிலும் பதியப்படாத காரியம் இந்தப் பிரதேசத்தில் எவ்விதம் நடைபெற்று வந்தது, அதைப் பற்றிய கவலை யாருடைய கவலையாக இருந்தது, அது எப்படித் தாய் ஒருத்தியின் தனிக்கவலையாகச் சுருங்கிற்று என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இந்தச் சீமையில் குழந்தை படுப்பதும் நெய்த பொருளில், ஆடுவதும் நெய்த பொருளில். வந்தவாசியில் பாய், வடமேற்கே ஆரணியில் பட்டு, இடைப்பட்ட கிராமங்களில் பருத்தி நூல். பிறந்த சில வாரங்கள் வரையில் தாயின் பக்கத்திலேயே, கோரைப்பாயின் மேல் பழைய வேட்டியை நான்காக மடித்து விரித்து, அதில்தான் சிசுவைக் கிடத்துவார்கள். கோரை குளிர்ச்சி தரும் என்பதும், ஈரம் பட்டால் துடைத்து வெயிலில் சாய்த்துவைத்தால் உலர்ந்துவிடும் என்பதும், பஞ்சு மெத்தையைப் போல் குழந்தையின் முகத்தைப் புதையவிடாது என்பதும் பாட்டிமார் அறிந்திருந்த உண்மைகள். பின்னர் குலத்துக்குக் குலம் வேறுபடும் ஒரு நல்ல நாளில், ஏணை என்றும் தூளி என்றும் வழங்கும் துணித் தொட்டிலில் குழந்தையை இடுவது ஒரு சடங்காகவே நடைபெறும். தாய்மாமன் சீர் கொண்டுவருவான், பேர் வைப்பார்கள், அத்தைமார் சூழ்ந்து நின்று ஆட்டுவார்கள்.

அந்த ஏணைக்குரிய சேலை எது என்பதில்தான் நெசவாளர் குடும்பத்தின் நுட்பம் விளங்குகிறது. ஊருக்கெல்லாம் பட்டு நெய்து கொடுக்கும் ஆரணி வீட்டிலும், அன்றாடம் குழந்தை உறங்குவது பட்டில் அன்று. பாட்டியோ தாயோ பல வருஷம் உடுத்தித் துவைத்து, கஞ்சியெல்லாம் போய், நூலின் முரட்டுத்தனம் முற்றும் அடங்கிய பருத்திச் சேலையில்தான். பட்டு வழுக்கும், முடிச்சு இறுகாது. புதுப் பருத்தியோ சிசுவின் தோலை உறுத்தும். ஆகவே உத்திரத்தில் கயிறு கட்டி, அதில் பழஞ்சேலையை இரட்டை முடிச்சிட்டுத் தொங்கவிட்டு, துணி இருபுறமும் ஒட்டிக்கொள்ளாதபடி மேலே குறுக்காக ஒரு கம்பைச் செருகி, அடிப்புறம் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயராதபடி அளவு பார்த்துக் கட்டுவார்கள். சேலையில் தாயின் வாசனை இருக்கும் என்பது இதற்கெல்லாம் மேலான காரணமாகச் சொல்லப்படும். அதை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன்.

தறி வீட்டின் அமைப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குழந்தையின் உறக்கம் அந்த அமைப்புக்குள்ளேதான் நிகழ்ந்தது. ஆரணியின் பட்டுத் தறி பெரும்பாலும் குழித்தறி. வீட்டின் கூடமே தொழிற்சாலை. கணவன் குழியில் கால்வைத்து மிதிக்க, மனைவி ராட்டையில் தார் சுற்றுவாள். அவள் இருக்கும் இடத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஏணை தொங்கும். அதிலிருந்து ஒரு கயிறு அவள் கால்விரல் வரையில் நீண்டிருக்கும். கைகள் நூலிலும், கால் குழந்தையிலுமாக அவள் ஒரு நாளைக் கழிப்பாள். வந்தவாசிப் பக்கத்துப் பாய்த் தறியிலோ இருவர் வேண்டும்: ஒருவர் கோரையைக் குச்சியில் கோத்துப் பாவுக்குள் செலுத்த, மற்றவர் அச்சை இழுத்து அடிக்க வேண்டும். இருவர் கையும் ஒழியாத அந்த வேளைகளில் ஏணைக் கயிறு பாட்டியிடம் போகும். பாட்டி கண்ணயர்ந்தால் எட்டு வயதுச் சிறுமியிடம் போகும். பக்கத்து வீட்டுப் பெண் உப்புக் கடன் கேட்க வந்தால், உப்பு வரும்வரையில் அவளும் நான்கு தரம் இழுத்துவிட்டுத்தான் நிற்பாள். ஒரே குழந்தையை ஒரு நாளில் ஆறேழு பேர் ஆட்டினார்கள் என்பது மிகையாகாது. தறியின் சத்தமும் இந்தக் காரியத்துக்கு உதவியது. தாயின் கர்ப்பத்திலிருந்தபோதே ஏழாம் மாதத்திலிருந்து அந்தத் தாளத்தைக் கேட்டு வளர்ந்த சிசுவுக்கு நாடாவின் ஓட்டமும் பலகையின் அடியும் இடைஞ்சலாவதில்லை. 1990இல் லண்டனில் பிறந்த சிசுக்களிடம் நடத்திய ஒரு பரிசோதனையில், ஒரே சீரான இரைச்சலைக் கேட்பித்த இருபது பேரில் பதினாறு பேர் ஐந்து நிமிஷத்துக்குள் உறங்கினார்கள். கேட்பிக்காத இருபது பேரில் ஐவரே உறங்கினார்கள். நெசவாளர் தெருவில் இதற்குப் பரிசோதனை தேவைப்பட்டதில்லை.

தமிழ் இலக்கியம் இந்தத் தொட்டிலைச் சிறிய விஷயமாகக் கருதவில்லை. பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடிய தாலாட்டில் பிரமன் முதலிய தேவர்களெல்லாம் சீர் அனுப்புகிறார்கள். உற்று நோக்கினால் அது தாய்மாமன் சீரின் தெய்வ வடிவமே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். பின் வந்த பிள்ளைத்தமிழ் நூல்கள் யாவற்றிலும் பத்துப் பருவங்களுள் மூன்றாவதாகத் தாலப் பருவம் நிலைபெற்றிருக்கிறது. ஆனால் இவையெல்லாவற்றையும்விட என் உள்ளத்தைத் தொடுவது குலசேகராழ்வார் தேவகியின் வாய்மொழியாக வைத்த புலம்பல். பெற்ற மகனை அன்றிரவே பிரியக் கொடுத்தவள், அவனைத் தாலாட்டும் பேறு தனக்குக் கிட்டாமற் போயிற்றே என்று அழுகிறாள். சிறையையும் கம்சனையும் பற்றி அழுவதற்கு அவளுக்குக் காரணம் உண்டு; எனினும் ஆழ்வார் அவள் துயரத்தை அளப்பதற்குத் தொட்டிலையே எடுத்துக்கொண்டார்.

நாட்டார் தாலாட்டு இதற்கு முற்றிலும் வேறான ஒரு வேலையையும் செய்தது. உறவினரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கும் அந்தப் பாட்டில், மாமன் பெருமையோடு மாமியாரின் கடுமையும், பிறந்த வீட்டு நினைவும், சொல்ல முடியாத வருத்தமும் குழந்தையின் பேரைச் சாக்கிட்டு வெளிவரும். கேட்பவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். பாடுகிறவளுக்கு அது ஒரு விண்ணப்பமாகவும் இருந்தது.

உறங்காத குழந்தை அக்காலத்திலும் உண்டு. பகல் முழுதும் அயர்ந்து கிடந்துவிட்டு, அந்தி மயங்கியவுடன் முஷ்டியை மடக்கி, முகம் சிவக்க ஒரு முகூர்த்த நேரம் வீறிடும் சிசுவைக் கண்டு, வீட்டார் திருஷ்டி என்பார்கள். உப்பும் மிளகாயும் கடுகும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். தமிழ்நாட்டின் பல ஊர்களில் எந்த மதத்துத் தாய்மாரும் அந்தித் தொழுகை முடியும் நேரத்தில் மசூதி வாயிலில் குழந்தையை ஏந்தி நிற்க, தொழுது வருகிறவர்கள் ஓதி ஊதிச் செல்லும் வழக்கமும் உண்டு. வெறும் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு வயிறு நோகும் என்று சிறுவர்களை அதட்டுவார்கள். தூக்கத்தில் சிசு சிரித்தால் சாமி பூக் காட்டுகிறது என்றும், உதட்டைப் பிதுக்கினால் நரி மிரட்டுகிறது என்றும் சொல்லிக் கவலையைத் தள்ளிவிடுவார்கள். 1962இல் அமெரிக்க வைத்தியர் பிரேசல்டன் எண்பது குழந்தைகளின் அழுகையைக் குறித்துவைக்கச் செய்து பார்த்தபோது, ஆறாம் வாரத்தில் அழுகை உச்சத்தை எட்டி, நாளொன்றுக்குச் சுமார் இரண்டே முக்கால் மணியாகி, பின் தானே குறைவதையும், மாலைவேளையில் மிகுவதையும் கண்டார். நரியையும் பூவையும் பற்றிய விளக்கமும் 1953இல் சிகாகோவில் கிடைத்தது. உறக்கத்தில் கண்விழிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் ஒரு நிலை உண்டு என்று அஸெரின்ஸ்கியும் கிளைட்மனும் எழுதினார்கள். பிறந்த சிசு தன் உறக்கத்தில் ஏறத்தாழப் பாதியை அந்த நிலையில்தான் கழிக்கிறது. உப்பு மிளகாய் அழுகையை நிறுத்தியிராது. ஆயினும் அழுகிற குழந்தையை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றி, வாசலுக்கும் வீதிக்கும் தூக்கிச்செல்லச் செய்தது. 1986இல் மாண்ட்ரியலில் நடந்த ஆராய்ச்சி, அழாத நேரத்திலும் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதால் ஆறாம் வாரத்து அழுகை நூற்றுக்கு நாற்பத்து மூன்று பங்கு குறைந்தது என்று கூறுகிறது. தூக்குவது கெட்ட பழக்கம் என்று இளந்தாயைப் பயமுறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மருந்துகளின் கதை இவ்வளவு நிர்மலமானதன்று. வசம்பைச் சுட்டுக் கரியாக்கித் தொப்புளைச் சுற்றித் தடவுவதும், ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் முதலியவற்றைக் கல்லில் இழைத்து உரைமருந்தாகப் புகட்டுவதும் இப்பக்கத்து வீடுகளின் வழக்கம். 1851இல் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் தயாரித்த கிரைப் வாட்டரும் பின்னர் இந்த அலமாரியில் இடம்பெற்றது. சதகுப்பை எண்ணெயும் சோடா உப்பும் சர்க்கரையும் கொண்ட அதன் பழைய தயாரிப்பில் சாராயச் சத்தும் இருந்தது. இவற்றையெல்லாம்விடக் கொடியது அபின். இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் காட்ஃப்ரே கார்டியல் என்ற பெயரிலும், பம்பாயில் பாலகோலி என்ற உருண்டையாகவும் அது சிசுக்களின் வாயில் போயிற்று. 1929இல் நியமிக்கப்பெற்று 1931இல் அறிக்கை தந்த, இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி கமிஷன், ஆலைக்குப் போகும் தாய்மார் குழந்தையை அமைதியாகக் கிடத்த அபின் கொடுக்கும் வழக்கத்தைக் கண்டித்தது. அந்தத் தாய்மாரை நான் நிந்திக்கத் துணியேன். சங்கு ஊதியவுடன் ஆலைக்குள் நுழைய வேண்டியவளுக்கு ஏணைக் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போக ஆள் இல்லை. ஆள் இருந்த இடத்தில் உருண்டை வந்து உட்கார்ந்தது. தறி வீட்டிலும் வறுமை உண்டு, பசி உண்டு. ஆனால் வேலையும் குழந்தையும் ஒரே கூரையின்கீழ் இருந்தன.

மேல்நாட்டில் இதே காலத்தில் மற்றொரு உபதேசம் பரவியது. எம்மெட் ஹோல்ட் 1894இல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் தொட்டிலாட்டுவதையே தகாத பழக்கமென்றது. நியூஸிலாந்தில் 1907இல் பிளங்கெட் சங்கத்தைத் தோற்றுவித்த டுரூபி கிங், நான்கு மணிக்கொருமுறை பால், இரவில் பால் இல்லை என்று விதித்தார். 1928இல் ஜான் வாட்ஸன் என்னும் மனோதத்துவ நிபுணர், குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சாதீர்கள் என்ற வரையில் போனார். 1920களில் இந்தியாவிலும் குழந்தை வாரங்கள் கொண்டாடப்பட்டபோது சுத்தமும் அம்மைக் குத்தலும் ஆகிய நல்ல போதனைகளோடு இந்தக் கடிகாரச் சட்டமும் சிறிது கலந்து வந்தது. பிறந்த சிசு நாளில் பதினாறு மணி நேரம் உறங்கினாலும் இரண்டு மூன்று மணிக்கு மேல் தொடர்ந்து உறங்காது என்பதும், இரவு பகல் என்ற பேதம் அதன் உடலில் படிவதற்கே இரண்டு மூன்று மாதங்களாகும் என்பதும் பிற்பாடு தெளிவாயின. அதை அறியாமல் எத்தனை தாய்மார் தங்கள் குழந்தை குறையுடையது என்று கலங்கியிருப்பார்கள்!

பழையதெல்லாம் நன்று என்று நான் வாதாடவில்லை. சிசுவை மல்லாக்க, தட்டையான கெட்டியான படுக்கையில் கிடத்த வேண்டும் என்று 1991இல் பிரிட்டனிலும் 1994இல் அமெரிக்காவிலும் தொடங்கிய இயக்கங்கள், உறக்கத்திலேயே காரணமின்றி நேரும் சிசு மரணங்களைப் பாதிக்கு மேல் குறைத்தன. வந்தவாசிப் பாய் அந்த விதிக்கு உடன்படுகிறது. ஏணை முழுவதும் உடன்படவில்லை. தலை முன்சாய்ந்து முகவாய் மார்பில் அழுந்தினால் இளஞ்சிசுவுக்கு மூச்சுத் தடைப்படலாம். அருகில் ஒருவர் கண்ணோட்டத்தோடு இருந்த வீட்டில் அந்த அபாயம் உடனே தெரியும். குழந்தையை ஏணையில் விட்டுக் கதவைச் சாத்திப்போவது வேறு காரியம். உறங்கியபின் எடுத்துப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிடுவதே தக்கது.

இப்போது ஆரணிக் கடைகளிலும் சுருள்கம்பி தொங்கும் இரும்புச் சட்டத் தொட்டில் விற்கிறது. மின்சாரத்தால் தானே ஆடுவதும் வந்துவிட்டது. ஆட்டும் வேலையை யந்திரம் செய்யக்கூடும். நள்ளிரவில் மூன்றாம் தரம் எழுந்த தாயிடம், நீ படு அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் வேலையை அது செய்யாது. ஒரே அறையில் கணவனும் மனைவியும் மட்டுமாக வாழும் நகரத்து வீட்டில் இளந்தாயை வாட்டுவது குழந்தையின் குணமன்று. கயிற்றை வாங்கிக்கொள்ளக் கை இல்லாமையே. தந்தையின் கை அங்கே இருக்கிறது. அது நீளத் தயங்குவதற்கு எந்தச் சம்பிரதாயமும் நியாயமாகாது.

கயிற்றை வாங்கிக்கொள்ளும் கையைச் சட்டம் ஓரளவு எண்ணிப்பார்த்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்கென்று தனி அறை வேண்டுமென்றது. 1976இல் அந்த எண் முப்பதாகக் குறைந்தது. 2017இல் பிரசவ விடுமுறை இருபத்தாறு வாரமாயிற்று. வீட்டுக் கூடத்தில் தார் சுற்றுகிறவளும் பாய் அடிக்கிறவளும் இவற்றுள் எதிலும் சேரவில்லை. சேலைக்கு இவ்வளவு, பாய்க்கு இவ்வளவு என்று நெய்த பொருளுக்குக் கூலி கணக்கிடப்படுகிறது. தார் சுற்றிய கைக்கும் அதில் தனிப்பங்கு இல்லை, ஏணையை இழுத்த காலுக்கும் இல்லை. கைத்தறிக் குடும்பங்கள் செறிந்த தெருக்களில், தறியோசை கேட்கும் தூரத்தில், பகலில் பச்சைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அறையும் அதில் சம்பளம் பெறும் இரண்டு மூதாட்டிகளும் அமைவது கூட்டுறவுச் சங்கங்களுக்கோ அரசாங்கத்துக்கோ பெரிய செலவன்று. ஆரணியிலும் வந்தவாசியிலும் அதைக் கேட்பதற்கு நெசவாளப் பெண்களுக்கு முழு உரிமை உண்டு.