எஞ்சியவர்களின் சராசரி: சமுதாயக் கல்லூரியில் கற்றல் விளைவு மதிப்பீடு

கற்றல் விளைவு மதிப்பீடு பற்றிய விவாதம் பெரும்பாலும் கருவியைச் சுற்றியே நடக்கிறது: வினாத்தாள் செம்மையானதா, அளவுகோல் துல்லியமானதா? சமுதாயக் கல்லூரியைப் பொறுத்தவரை இவற்றுக்கு முன் கேட்க வேண்டியது, யாரை அளக்கிறோம் என்பது. கலிபோர்னியாவின் பட்டறிவு இதற்குத் தக்க சான்று.

அம்மாநிலச் சமுதாயக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஆணையம் 2002இல் புதிய தரவிதிகளை ஏற்றது. பாடம், படிப்பு, நிறுவனம் என்னும் மூன்று நிலைகளிலும் மாணவர் பெற வேண்டிய திறன்களை வரையறுத்து, அளந்து, முடிவுகளைக் கொண்டு கற்பித்தலைத் திருத்த வேண்டும் என்றன அவ்விதிகள். நோக்கம் நியாயமானதே. பாட மதிப்பெண்ணில் வருகை, வீட்டுப்பாடம், தேர்வு எல்லாம் கலந்துவிடுகின்றன. சான்று காட்டி வாதிட மாணவருக்குத் தெரியுமா என்பது அதில் தனியே தெரிவதில்லை.

ஆனால் அளவீடு பெரும்பாலும் பருவ இறுதியில் நடக்கிறது. யாரும் சேரலாம் என்ற கொள்கையும் பகுதிநேர மாணவர் பெரும்பான்மையும் உள்ள இடத்தில், இறுதி வாரம் வரை வருவோர் சேர்ந்தோரில் ஒரு பகுதியே. 40 பேர் சேர்ந்த வகுப்பில் 24 பேர் எஞ்சி, 18 பேர் இலக்கை எட்டினால் அறிக்கை 75% என்னும். அடுத்த பருவத்தில் 40 பேரில் 16 பேர் எஞ்சி, 13 பேர் எட்டினால் அது 81% ஆகும். சேர்ந்தோரை வைத்துக் கணக்கிட்டாலோ 45% என்பது 32.5% ஆகச் சரிந்திருக்கும். மாணவரை இழக்க இழக்க உயரும் குறியீடு கற்றலின் குறியீடாகாது.

2002 விதிகள் இன்னொரு சிக்கலையும் உண்டாக்கின. விளைவுகளை உருவாக்குவதில் ஆசிரியரின் திறனை அவரது பணி மதிப்பீட்டிலும் சேர்த்தன. தன் பணிநிலையைத் தொடும் அளவீட்டில் எவரும் எளிய இலக்கையே வைக்கத் தூண்டப்படுவார்.

2017இல் அம்மாநிலத்தில் இயற்றப்பட்ட ஏபி 705 சட்டம் வேறு வகையில் கணக்கிட வைத்தது. பல்கலைக்கழகத்துக்கு மாற்றத்தக்க ஆங்கில, கணிதப் பாடங்களை மாணவர் ஓராண்டுக்குள் முடிக்கும் வாய்ப்பை உச்சமாக்க வேண்டும் என்றது. நுழைவுநிலைத் தேர்வால் அடிப்படைப் பாடங்களுக்கு அனுப்பப்பட்ட பலர், உரிய பாடத்தை எட்டுமுன்பே நின்றுவிடுவது வழக்கமாக இருந்தது. சட்டத்துக்குப் பின் மாணவரை உரிய பாடத்திலேயே நேரடியாகச் சேர்க்கும் முறை பரவியபோது பாடத் தேர்ச்சி விகிதம் ஓரளவு குறைந்தது. ஆனால் தொடங்கியோரில் ஓராண்டுக்குள் முடித்தோர் பங்கு பெருமளவு உயர்ந்தது. தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்த்தவருக்கு இச்சீர்திருத்தம் தோல்வியாகவே தோன்றியிருக்கும்.

வேலை, குழந்தைப் பராமரிப்பு, பயணச் செலவு ஆகியவற்றால் நின்றவருக்கு ஆசிரியர் எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்கலாம். பொறுப்பாக மாட்டார், அதனாலேயே சேர்ந்தோரை வைத்துப் போடும் கணக்கை அவரது பணி மதிப்பீட்டிலிருந்து பிரிக்க வேண்டும். ஆனால் கல்லூரி பொறுப்பேற்க வேண்டும்: வகுப்பு நேரமும் உதவித்தொகையும் ஆலோசனையும் அதன் கையில் உள்ளவை. முடித்தோர் எண்ணிக்கையை மட்டும் துரத்தினால் தரம் தளரும் என்ற அச்சமும் நியாயமானது. இதற்கு மாற்று, துறை ஆசிரியர்கள் மாணவர் எழுத்துகளைப் பெயர் மறைத்து, பொது அளவுகோலில் சேர்ந்து வாசிப்பது. முதல் வார எழுத்தையும் அவ்வாசிப்பில் சேர்ப்பது. அப்போது நின்றவர் எந்த நிலையிலிருந்து தொடங்கினார் என்பதும் பதிவாகும்.

எனவே ஒவ்வொரு விளைவு அறிக்கையும் எஞ்சியோரில் எட்டியவர், சேர்ந்தோரில் எட்டியவர் என இரு விகிதங்களையும் அருகருகே தர வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி விரிந்தால், கல்லூரி முதலில் விளக்க வேண்டியது அதைத்தான்.