நாவலர் வாங்கிய அச்சியந்திரம்

1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், மறு ஆண்டே தமிழகம் சென்று அச்சியந்திரம் ஒன்றை வாங்கி வந்தார். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதே பெரும்பாடாயிருந்த பள்ளிக்கு அது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் யாழ்ப்பாணத்துக் கல்வி வேரூன்றியதில் பள்ளிக்கு உள்ள பங்கு அச்சுக்கும் உண்டு.

பள்ளிகள் முன்பே இருந்தன. 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவியது. அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி எழுந்தது. நாவலரே பேர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அவரது பள்ளியில் கற்பித்து, விவிலிய மொழிபெயர்ப்பிலும் துணைநின்றவர். பள்ளி, பிரசங்கம், அச்சுநூல் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஓர் ஊரை மாற்றும் என்பதை அங்கேதான் கண்டார். தாம் எதிர்த்து நின்ற மிஷனரிகளிடமே இவ்வளவு நன்றாகப் பாடம் படித்தவர்கள் குறைவு.

நாவலர் நிறுவிய அச்சகமான வித்தியாநுபாலன யந்திரசாலையிலிருந்து பாலபாடங்கள் வந்தன. பெரியபுராணத்தை அவர் வசனமாக்கியதும், செய்யுளைப் பதம் பிரிக்கத் தெரியாதவரும் அதை வீட்டில் வைத்து வாசிக்க முடிந்தது. புலவர் வீட்டு ஏட்டில் கிடந்த இலக்கியம் பொதுச்சொத்தானது இப்படித்தான். வட்டுக்கோட்டையில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவராகி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஏழாலையில் பள்ளியும் வைத்தார். படித்தவன் ஊருக்குக் கடன்பட்டவன் என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது. 1870களின் பஞ்சத்தில் நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தியதையும் இதோடு சேர்த்தே பார்க்கவேண்டும்.

புகழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் வரலாறு பொய்யாகும். அந்தக் கல்வியின் வாசல் எல்லாச் சாதியாருக்கும் திறக்கவில்லை; நாவலர் சாதி ஆசாரத்தை வலியுறுத்தியவர். 1930 அளவில் வகுப்பறையில் சமஆசனம் கேட்கப்பட்டபோது பள்ளிகள் எரிக்கப்பட்டதும் உண்டு. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தீண்டாமையை எதிர்த்து நின்றது. 1945இல் இலங்கைக் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் கட்டணத் தடையை நீக்கியது. சாதித் தடை அத்தனை எளிதில் போகவில்லை. இலக்கியம் கற்ற சமூகம் தானாகவே நீதியும் கற்றுவிடும் என்று நம்புவோர் இந்தப் பக்கத்தை ஒருமுறை வாசிக்கவேண்டும்.

இன்று புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் தாம் படித்த பள்ளிகளுக்குத் தாராளமாகக் கொடுக்கிறார்கள். மண்டபங்களும் நுழைவாயில்களும் எழுகின்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பள்ளி நூலகத்துக்கும், சிறுவர் நூல்களை மலிவாக அச்சிடுவதற்கும் ஒதுக்குங்கள். அந்த நூல்கள் முதலில் வசதியற்ற கிராமப் பள்ளிகளுக்குப் போகட்டும்.