புதுச்சேரியும் ஆறு மாதக் கெடுவும்

ஒரு நாட்டின் ஆட்சி முடிந்து வேறு நாட்டின் ஆட்சி வந்தால், அங்கே வாழும் மக்கள் யாருடைய குடிமக்கள்? இந்தக் கேள்வி நம் பக்கத்திலேயே, புதுச்சேரியில் எழுந்தது. பலருக்கு அது தெரியாது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய ஆதரவு தெரிவித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படி புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்கும் இன்னும் பிரான்சுடையவைதான்! ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

குடியுரிமை பற்றி அந்த ஒப்பந்தம் சொன்னது இதுதான். இந்தப் பகுதிகளில் பிறந்து, அங்கேயே வசித்த பிரெஞ்சு நாட்டவர்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சு குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்கு அப்பாவின் முடிவே முடிவு.

வெளிநாட்டில் வசித்தவர்களுக்கு விதி தலைகீழ். அவர்கள் ஒன்றும் செய்யாவிட்டால் பிரெஞ்சுக்காரர்களாகவே நீடிப்பார்கள். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு சகோதரர்களை நினைத்துப் பாருங்கள். சைகோனில் வேலை பார்த்த அண்ணன் சும்மா இருந்தால் பிரெஞ்சுக்காரர். ஊரில் இருந்த தம்பி சும்மா இருந்தால் இந்தியர்!

1961 கணக்குப்படி இப்பகுதிகளின் மக்கள்தொகை சுமார் 3,69,000. பிரெஞ்சு குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்கள் சுமார் 5,000 பேர்தான். இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அதனால் அவர்கள் பிறந்த ஊரிலேயே வெளிநாட்டவர் ஆனார்கள். இந்தியத் தேர்தலில் ஓட்டு இல்லை. ஆனால் அவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் பிரான்ஸ் போய்க் குடியேறவும், படிக்கவும், வேலை பார்க்கவும் முழு உரிமை கிடைத்தது. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர்களை ஊரில் "சொல்தா" என்பார்கள். பிரான்ஸ் அதிபர் தேர்தலில் புதுச்சேரியிலேயே ஓட்டுப் போடுகிறவர்கள் இன்றும் உண்டு.

ஹாங்காங்கில் நடந்தது வேறு. 1997-இல் சீனாவிடம் ஒப்படைக்கும் முன்பு, பிரிட்டன் அங்குள்ளவர்களுக்கு "கடல்கடந்த பிரிட்டிஷ் நாட்டவர்" என்ற பாஸ்போர்ட் தந்தது. அதை வைத்துப் பயணம் போகலாம், பிரிட்டனில் குடியேற முடியாது! அவர்கள் அங்கே போய் வாழ்வதற்கான தனி விசா 2021-இல்தான் வந்தது.

பிரான்ஸ் தந்தது முழுக் குடியுரிமை, ஆனால் அவகாசம் ஆறே மாதம். அன்று ஒரு தாத்தா கொடுத்த அல்லது கொடுக்காமல் விட்ட ஒரு கடிதம், இன்று பேரன் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டின் நிறத்தைத் தீர்மானித்திருக்கிறது.