விளக்கக் காணொளி எழுத்துரு

விளக்கக் காணொளி எழுத்துரு என்பது ஒரு பொருளோ சேவையோ இயங்கும் விதத்தைச் சில நிமிடங்களில் காட்டும் படத்துக்கான எழுத்து வடிவம். செயல்முறையைக் காட்டுவதும் உண்டு, கருத்தை விளக்குவதும் உண்டு. பெரும்பாலும் பக்கத்தின் ஒருபுறம் காட்சியும் மறுபுறம் குரலும் எழுதப்படும். எடுத்துக்காட்டாக, பணம் அனுப்பும் செயலிக்கான படத்தில் விரல் ‘அனுப்பு’ பொத்தானைத் தொடுகையில் குரலும் அதையே சொல்வது வீண். பணம் எப்போது போய்ச்சேரும் என்பதே அங்கு சொல்லத்தக்கது. ஆங்கிலத்தில் நிமிடத்துக்குச் சுமார் 150 சொற்கள் என்பது கணக்கு. ஒட்டுநிலை மொழியான தமிழில் சொற்கள் நீளமானவை. எனவே அக்கணக்கு பொருந்தாது, வாய்விட்டுப் படித்தே நேரம் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் லீ, சாச்சி லெஃபீவர் இணையரின் காமன் கிராஃப்ட் நிறுவனம் 2007-இல், இணையதளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் திரட்டித் தரும் ஆர்எஸ்எஸ் ஓடையை ஒரு படத்தில் காகித வெட்டுருவங்களால் விளக்கியது. விளக்கக் காணொளிகள் பரவ அப்படம் ஒரு காரணம். ஒவ்வொரு தளமாகப் போய்ப் புதியது உண்டா என்று தேடும் பழைய சிரமத்தை முதலில் காட்டி, அதன்பின்னரே தீர்வுக்கு வருகிறது அது.