நூக்கோல் ஏன் படையலுக்கு ஆகாது?

தை அமாவாசைக்கு முந்தின நாள். திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அறுவடை. பெரிதாக ஒன்றுமில்லை, பத்துப் பன்னிரண்டு பைகளில் வளர்த்ததுதான். நாலு நூக்கோல், ஒரு முறம் அவரைக்காய். கீழே கொண்டுபோனதும் அம்மா இரண்டாகப் பிரித்தார். "அவரை அப்பா படையலுக்கு. நூக்கோல் வேணாம்டா, அது இங்கிலீஷ் காய்."

சரி என்று விட்டிருப்பேன். ஆனால் கடையில் வாங்கிய சர்க்கரைவள்ளி படையல் பக்கம் போனது. அது அமெரிக்கக் கண்டத்துக் கிழங்கு ஆயிற்றே! கொலம்பஸுக்குப் பிறகுதான் அது இந்தப் பக்கமே வந்தது. அப்படியானால் இங்கிலீஷ் காய் என்பதற்கு என்னதான் வரையறை?

பெயரிலிருந்து ஆரம்பித்தேன். கேரட், பீட்ரூட், பீன்ஸ் எல்லாம் நேரடி ஆங்கிலம். முட்டைக்கோஸை யாழ்ப்பாணத்தில் கோவா என்பார்கள். அது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். நூக்கோல்? டச்சு மொழியில் 'க்னோல்' என்றால் கிழங்கு, 'கோல்' என்றால் கோஸ். க்னோல்கோல்தான் நம் வாயில் நூக்கோல் ஆகிவிட்டது. ஆக, அம்மாவின் இங்கிலீஷ் காய்க்குப் பெயர் டச்சுப் பெயர்.

டச்சுக்காரர்கள் எங்களுக்கு அதிக தூரமில்லை. இங்கிருந்து வடக்கே எண்ணூர், காட்டுப்பள்ளி தாண்டினால் பழவேற்காடு. அங்கே 1613-ல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். மாதக்கணக்கில் கடலில் கிடந்து, பச்சைக்காய் இல்லாமல் ஈறு வீங்கிச் செத்த மாலுமிகள் ஏராளம். அதற்காகவே 1652-ல் நன்னம்பிக்கை முனையில் காய்கறித் தோட்டம் போட்டவர்கள் இவர்கள். அதற்காக, நூக்கோல் விதை பழவேற்காட்டில்தான் இறங்கியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களும் இதே பெயரைத்தான் எழுதினார்கள். சொல் ஒரு கப்பலிலும் விதை இன்னொரு கப்பலிலும் வரலாம்.

பெயரைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது விதைதான். கோஸ், நூக்கோல், பீட்ரூட் ஆகியவை பூத்து விதை விட சில வாரங்களாவது நல்ல குளிர் வேண்டும். தோராயமாகப் பத்து டிகிரி, அதற்கும் கீழே. நம் மார்கழி ராத்திரியில் இருபதை ஒட்டித்தான் நிற்கும். எனவே காய் கிடைக்கும், விதை கிடைக்காது. அடுத்த வருஷம் மறுபடி விதைக்கு யாரிடமாவது போய் நிற்கவேண்டும்.

1820-களில் ஜான் சல்லிவன் ஊட்டியில் இந்தக் காய்களைப் பயிரிட்டதும் குளிரைத் தேடித்தான். 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பியது. 1873-ல் பாதை மேட்டுப்பாளையத்தைத் தொட்டது. மலைக்காய் பட்டணத்துக்கு வர வழி பிறந்தது. ஆனால் விதை பெரும்பாலும் கடல் கடந்துதான் வந்தது.

இரண்டாம் உலகப் போரில் அந்த வழி அடைபட்டது. இங்கிலாந்தில் பூங்காக்களைக்கூடப் பாத்தி பாத்தியாகப் பிரித்து மக்களுக்குக் கொடுத்து, கோஸும் கேரட்டும் போடச் சொன்ன காலம் அது. இங்கே 1942-43-ல் குவெட்டாவில் விதை உற்பத்தி தொடங்கினார்கள். பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போனது. 1949-ல் குலு பள்ளத்தாக்கின் கட்ரைனில் மறுபடி ஆரம்பித்தார்கள். ஒரு பாக்கெட் நூக்கோல் விதைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அவரை அப்படியில்லை. ஆடியில் போட்டால் பகல் குறையக் குறையத் தானே பூக்கும். தையில் காய்க்கும், நெற்று விடும். அப்பா துறைமுக வேலை பார்த்த காலத்தில் கொல்லையில் போட்ட அவரையின் விதை இன்னும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. அவர் போய் ஆறு வருஷம். ஒவ்வொரு தையிலும் பத்துக் காயைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவிடுவேன்.

சர்க்கரைவள்ளியும் இந்த ஜாதிதான். விதையே வேண்டாம், கொடியைக் கிள்ளி நட்டால் போதும். வந்த இடத்தில் தங்கிவிட்டது, நாட்டுக்காய் ஆகிவிட்டது. தங்காதது இன்றும் இங்கிலீஷ் காய். பீன்ஸ் மட்டும் என் கணக்குக்கு அடங்கவில்லை. சமவெளியிலும் அது விதை விடும்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுடா. எங்க அத்தை போடல, நானும் போடல" என்றார். சரி, அதுவும் ஒருவகையில் விதை எடுத்து வைப்பதுதானே?

உங்கள் வீட்டுப் படையலில் எது ஆகும், எது ஆகாது என்று பெரியவர்களிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். நான் மாடிக்குப் போகவேண்டும். நெற்று முற்றிவிட்டதா என்று பார்க்கணும்.