தெளிந்த நீரெல்லாம் தூய நீரா?
வெந்நீர்த் தொட்டியின் வரலாறு

நீராடும் வழக்கம் எல்லா நாட்டினர்க்கும் பொதுவானது. ஆயினும் நீராடும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆற்றில் முழுகி எழுவோர் உண்டு. கிணற்றடியில் மொண்டு ஊற்றிக்கொள்வோர் உண்டு. வெந்நீர் நிரம்பிய தொட்டியில் கழுத்தளவு அமர்ந்திருப்போரும் உண்டு. முதல் இரு முறைகளிலும் உடலைத் தொட்ட நீர் அப்பால் ஓடிவிடுகிறது. மூன்றாவது முறையில் அந்நீர் அங்கேயே நிற்கிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே வெந்நீர்த் தொட்டியின் வரலாறு முழுவதும் பிறக்கிறது எனலாம்.

இக்காலத்தில் தங்கும் விடுதிகளிலும் உடற்பயிற்சி நிலையங்களிலும் வசதி படைத்த சிலர் இல்லங்களிலும் நீர்க்குமிழி எழும் வெந்நீர்த் தொட்டிகளைக் காண்கிறோம். அதன் நீர் கண்ணாடி போல் தெளிந்திருந்தால் போதும், அது தூய நீரே என்று பலர் எண்ணுகின்றனர். சூடான நீரில் கிருமி வாழாது என்று எண்ணுவோரும் உளர். இவ்விரு எண்ணங்களும் தவறானவை என்பதை மனிதகுலம் மிகுந்த விலை கொடுத்தே கற்றுக்கொண்டது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

ரோமானியர் கண்ட வழி

பொது வெந்நீர்க் குளியலை ஒரு பெருங்கலையாக வளர்த்தவர் ரோமானியர். தரையைச் சிறு தூண்களின்மேல் உயர்த்தி, அதன் கீழே உலையின் வெப்பக் காற்றைச் செலுத்தி, அறையையும் நீரையும் அவர்கள் சூடாக்கினர். கி.பி. 216இல் திறக்கப்பெற்ற காரகல்லா மன்னனின் குளியல் மாளிகை அவர்தம் கட்டடத் திறனுக்கு இன்றும் சான்றாய் நிற்கிறது. அதற்கென்றே ஒரு கிளைக் கால்வாய் அமைத்துத் தொலைவிலிருந்து நீர் கொணர்ந்தனர். புதுநீர் வந்துகொண்டே இருந்தால் பழைய நீரின் அழுக்கும் கழியும் என்பது அவர்கள் கண்ட வழி.

ஆனால் குளிப்போர் தொகை பெருகியபோது அவ்வழி போதவில்லை. நோயாளரும் நலமுடையோரும் ஒரே நீரில் இறங்கினர். உடலிற் பூசிய எண்ணெயும் அந்நீரிற் கலந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ், ஆறாத புண்ணோடு குளியல் மாளிகைக்குச் செல்வது பெருங்கேடு என்று எச்சரித்தார். கி.பி. 161 முதல் 180 வரை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ் பேரரசரும் குளியல் நீரிலுள்ள எண்ணெய், வேர்வை, அழுக்கு ஆகியவற்றை அருவருப்போடு குறிப்பிட்டுள்ளார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் பியர்ஸ் மிட்செல் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்று, கழிப்பிடமும் குளியலிடமும் கால்வாயும் பெற்றிருந்தும், ரோமப் பேரரசில் குடற்புழு முதலிய ஒட்டுண்ணிகள் குறைந்ததாகத் தெரியவில்லை என்று காட்டியது. அரிதாக மாற்றப்பட்ட வெதுவெதுப்பான நீரும் இதற்கொரு காரணமாகலாம் என்பது அவர் கருத்து.

ரோமானியர் விட்டுச்சென்ற மற்றொரு பாடம் இங்கிலாந்தில் உள்ளது. பாத் என்னும் நகரில் நிலத்தடியிலிருந்து சுமார் 46 பாகை செல்சியஸ் சூட்டில் ஊற்றுநீர் பொங்குகிறது. நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல். இயற்கையான வெந்நீர், இடையறாது ஓடும் நீர்; இதனினும் தூயது எது என்றே எவரும் எண்ணுவர். ஆயினும் அந்நீரில் நீந்திய சிறுமி ஒருத்தி 1978இல் மூளைக்காய்ச்சலால் இறந்தாள். வெப்பத்தை விரும்பி வாழும் ஓர் அமீபா மூக்கின் வழியே மூளையை அடைந்ததே காரணம். குளியல் நிறுத்தப்பட்டது. ஆழ்துளையிட்டு எடுத்த நீரைக் கொண்டு புதிய குளியலகம் அங்கே 2006இல்தான் திறக்கப்பட்டது.

ஜப்பானியர் கண்ட வழி

ரோமானியர் நீரை மாற்ற முயன்றனர். ஜப்பானியரோ நீரில் இறங்கும் மனிதனை முதலில் தூய்மையாக்க முயன்றனர். தொட்டிக்கு வெளியே அமர்ந்து, சோப்பிட்டுத் தேய்த்து, நுரை முழுவதும் போகக் கழுவிய பின்னரே அவர்கள் வெந்நீரில் இறங்குவர். அழுக்குப் போக்குவது வெளியே. உடல் ஆறுதல் பெறுவது உள்ளே. ஒரே வெந்நீரை வீட்டார் அனைவரும் ஒருவர்பின் ஒருவராகப் பயன்படுத்த முடிந்தது இவ்வொழுக்கத்தினாலேயே.

இதனைப் பழைய ஆசாரம் என்று தள்ளிவிடலாகாது. மனித உடலின் வேர்வை, எண்ணெய்ப் பசை, தோற்செதில், பூசிய வாசனைப் பொருள் ஆகியவையே தொட்டி நீரைக் கெடுப்பவை. அவற்றை வெளியிலேயே நீக்கிவிட்டால் பிற்காலத்தார் கண்ட மருந்துகளுக்கு வேலை பாதியாகும்.

குளோரினும் பி.எச். அளவும்

மூன்றாவது வழியை நல்கியது வேதியியல். சுவீடன் நாட்டு ஷீலே 1774இல் பசுமஞ்சள் நிறமான ஒரு வாயுவைக் கண்டார். அது ஒரு தனிமம் என்று உணர்ந்து 1810இல் அதற்குக் குளோரின் என்று பெயரிட்டவர் இங்கிலாந்தின் ஹம்ஃப்ரி டேவி. 1847இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிரசவ அறைக்குள் நுழையுமுன் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டுமென்று விதித்தார். பிள்ளை பெற்ற தாய்மாரின் சாவு வெகுவாகக் குறைந்தது. கிருமிக் கொள்கை நிலைபெறுவதற்கு முன்பே நிகழ்ந்த அருஞ்செயல் இது.

பின்னர் 1905இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரிலும், 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரிலும் குடிநீருக்கு இடைவிடாது குளோரின் சேர்க்கும் முறை தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் நீச்சற் குளங்களும் அதனைப் பின்பற்றின. நம் தோட்டங்களில் கிணற்று நீருக்குச் சலவைத்தூள் இட்ட வழக்கம் மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும். அதுவும் இதே குளோரினின் தொண்டுதான்.

1909இல் கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் என்பார் பி.எச். என்னும் அளவுகோலை வகுத்தார். 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் ஏறினால் பத்து மடங்கு மாற்றம் என்பதை மாணவர்க்கு நாம் சொல்லித் தருகிறோம். இந்த அளவுகோல் இன்றேல் தொட்டி நீரைக் காப்பது குருடன் வழி நடப்பதாகவே முடியும்.

காரணம் யாதெனில், குளோரின் நீரிற் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. கிருமியைக் கொல்லும் வீரன் அதுவே. பி.எச். 7.5 ஆக இருக்கையில் அதில் ஏறத்தாழப் பாதி இவ்வமிலமாக நிற்கும். மறுபாதி வலிமை குன்றிய மற்றோர் வடிவத்தில் இருக்கும். பி.எச். 8 ஆக ஏறினால் வீரர் கால் பங்காகக் குறைவர். 7 ஆக இறங்கினால் முக்கால் பங்காவர். ஆகவே குளோரினை மட்டும் அளந்து பி.எச். அளவை மறந்தவன், படைவீரரை எண்ணிவிட்டு அவர் கையில் வாள் உண்டா என்று பாராதவனுக்கு ஒப்பாவான்.

அமெரிக்கத் தொட்டி

இன்றைய குமிழித் தொட்டியின் பிறப்பு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நிகழ்ந்தது. இத்தாலியிலிருந்து குடியேறிய ஜக்கூசி உடன்பிறந்தார் விமான உறுப்புகளும் நீரிறைக்கும் பம்புகளும் செய்து வாழ்ந்தனர். அவருள் இளையவரான காண்டிடோவின் குழந்தை மூட்டுவாத நோயால் வருந்தியது. மருத்துவமனையில் அளிக்கப்பட்ட நீர்ச்சிகிச்சையை வீட்டிலேயே அளிக்கவேண்டி, குளியல் தொட்டியில் வைக்கத்தக்க சிறு பம்பு ஒன்றை 1940ஆம் ஆண்டுகளின் இறுதியில் அவர்கள் ஆக்கினர். 1956இல் அது விற்பனைக்கு வந்தது. 1968இல் அக்குடும்பத்து ராய் ஜக்கூசி, தொட்டியின் சுவரிலேயே நீர்த்தாரைகளை அமைத்தார். மதுப் பீப்பாய்களை வெந்நீர்த் தொட்டியாக்கிய வழக்கமும் 1960ஆம் ஆண்டுகளில் அம்மாநிலத்தில் பரவியது.

பிள்ளையின் நோய் தீர்க்க எழுந்த கருவி பின்னர் இன்பப் பொருளாயிற்று. ஆனால் அதனுள் ஒரு பெரிய மாற்றம் ஒளிந்திருந்தது. ரோமானியரின் கால்வாய் அதில் இல்லை. ஜப்பானியரின் ஒழுக்கமும் அதனுடன் வரவில்லை. ஒரே நீர் வடிகட்டி வழியாகச் சுற்றிச் சுற்றி, வாரக்கணக்கில் தொட்டியிலேயே கிடந்தது. ஓடும் நீர் செய்த பணி முழுவதும் குளோரினின் தலைமேல் ஏறியது.

காற்றில் வந்த கேடு

1976ஆம் ஆண்டு ஜூலையில் பிலடெல்பியா நகரின் விடுதியொன்றில் அமெரிக்க லீஜியன் என்னும் முன்னாள் படைவீரர் சங்கம் மாநாடு கூட்டியது. அதையொட்டிப் புதுவகை நிமோனியா பரவி 34 பேர் மாண்டனர். 1977 ஜனவரியில் மெக்டேட், ஷெப்பர்ட் என்னும் அறிஞர்கள் அதன் கிருமியைக் கண்டனர். சங்கத்தின் பெயராலேயே அது லீஜியோனெல்லா எனப்பட்டது. வெதுவெதுப்பான நீரில் அது செழிக்கும்; நுண்ணிய நீர்த்திவலையோடு காற்றில் மிதந்து நுரையீரலை அடையும். வெந்நீர்த் தொட்டியின் சூடு அதற்கு ஏற்ற சூடு. குமிழியோ திவலை உண்டாக்கும் பொறி.

1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பல் என்னும் ஊரில் மலர்க் கண்காட்சி நடந்தது. அங்கே விற்பனைக்காகக் குமிழித் தொட்டி ஒன்றை இயக்கிக் காட்டினர். அதில் எவரும் குளிக்கவில்லை. ஆகவே நீருக்கு மருந்திடவேண்டும் என்னும் எண்ணமும் எழவில்லை. அதன் அருகே நடந்து சென்ற பார்வையாளர் மூச்சில் கிருமி புகுந்தது. மலர் காணச் சென்றவருள் 32 பேர் உயிரிழந்தனர்.

2002 ஜூலையில் ஜப்பானின் மியசாக்கி மாவட்டத்து ஹியூகா நகரில், புதிதாகத் திறந்த வெந்நீர்க் குளியலகம் ஒன்றில் 295 பேர் இந்நோயுற்றனர், எழுவர் இறந்தனர். குளிக்குமுன் உடல் கழுவும் மக்கள் அவர்கள், கட்டடமும் புதியது. நீரைச் சுற்றிவிடும் குழாய்களிலும் வடிகட்டியிலும் கிருமி குடிகொண்டிருந்தது. குளோரின் கவனிப்புப் போதவில்லை. மனிதன் தூயவனாயினும், நின்ற நீர் தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்கிறது.

இல்லத்தில் பேணும் முறை

இவ்வரலாறு அறிந்தபின் பேணும் விதிகள் எளிதில் விளங்கும். முதலில் ஒரு கணக்கு. 1,200 லிட்டர் கொண்ட தொட்டியில் நால்வர் இறங்கினால் ஆளுக்கு 300 லிட்டர். 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள நீச்சற் குளத்தில் 3,75,000 லிட்டர் நீர் கொள்ளும். அதே விகிதத்தில் அங்கே 1,250 பேர் ஒருங்கே இறங்கவேண்டும்! சிறு தொட்டி விரைவிற் கெடுவது ஏன் என்பதற்கு இதனினும் விளக்கம் வேண்டுமா?

இறங்குமுன் சோதனைத்தாளால் நீரை அளத்தல் வேண்டும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையாத குளோரின், அல்லது 4 மில்லிகிராமுக்குக் குறையாத புரோமின் இருத்தல் நன்று. பி.எச். 7.0 முதல் 7.8 வரை நிற்கவேண்டும். சூடு 40 பாகையைத் தாண்டலாகாது. குமிழி எழும்போது நீரிலுள்ள கரியமில வாயு வெளியேறுவதால் பி.எச். தானே ஏறும், சூட்டினால் குளோரினும் விரைவில் தீரும். எனவே நேற்று அளந்த அளவு இன்றைக்கு ஆகாது.

'குளோரின் நாற்றம் வீசுகிறது, ஆகவே மருந்து மிகுதி' என்று சொல்வது வழக்கம். உண்மையில் அந்நாற்றம் வேர்வை முதலியவற்றோடு குளோரின் கூடிப் பிறந்த குளோரமீனின் நாற்றம். மருந்து அழுக்கோடு போரிட்டுத் தளர்ந்தது என்பதே அதன் பொருள்.

வடிகட்டியை அடிக்கடி கழுவவேண்டும். குழாயின் உட்புறம் வழவழப்பான படலம் படியும். கிருமி அதனுள் மறைந்து குளோரினுக்குத் தப்பும். ஆகவே நீரை முழுதும் வடித்து, தொட்டியையும் குழாயையும் துப்புரவு செய்து, புதுநீர் நிரப்புவது இன்றியமையாதது. எத்தனை நாளுக்கொருமுறை? தொட்டியின் கொள்ளளவை அமெரிக்கக் காலன் கணக்கில் எடுத்து, மூன்றால் வகுத்து, நாள்தோறும் இறங்குவோர் தொகையால் மீண்டும் வகுக்க வரும் ஈவே நாட்கணக்கு என்பது வழக்கிலுள்ள வாய்பாடு. 1,200 லிட்டர் ஏறத்தாழ 317 காலன். நால்வர் பயன்படுத்தினால் 26 நாள்; இருவராயின் 52 நாள். உயர்வகுப்பு மாணவர்க்கு இது நல்லதொரு வகுத்தற் கணக்காகும்.

மருந்து வகைகளை ஒன்றோடொன்று கலத்தல் கூடாது. குளோரினும் அமிலமும் சேர்ந்தால் நச்சுவாயு எழும். மருந்தை நீரில் இடவேண்டுமேயன்றி, மருந்தின்மேல் நீர் ஊற்றலாகாது. முதியோரும் நுரையீரல் நோயுடையோரும், பேணுதல் ஐயத்திற்குரிய தொட்டியின் அருகே செல்லாதிருப்பதே நலம்.

முடிவுரை

ரோமானியர் நீரை ஓடவிட்டனர். ஜப்பானியர் உடலைக் கழுவினர். இக்காலத்தார் நீரை அளந்தனர். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒன்றையொன்று தாங்கும் முக்காலியின் கால்கள். ஒரு காலை ஒடித்த இடத்திலெல்லாம் மனிதர் வீழ்ந்தனர் என்பதற்கு போவன்கார்ஸ்பல்லும் ஹியூகாவும் சான்று.

நம் மாணவருள் வெந்நீர்த் தொட்டி வைத்திருப்போர் சிலரே. ஆயினும் விடுதியிலோ பொழுதுபோக்குப் பூங்காவிலோ அதனைக் காணாதவர் இல்லை. நாளை அத்தகைய இடங்களில் நீர் காக்கும் பணியை ஏற்போரும் அவருள் இருப்பர். கண்ணுக்குத் தெளிந்தது யாவும் தூயதன்று, அளந்து பார்த்தே அறியவேண்டும் என்னும் பழக்கத்தை வகுப்பறையிலேயே அவர்க்கு ஊட்டுவது ஆசிரியராகிய நம் கடமையாகும்.